இசக்கிமுத்துவின் மூச்சு

“காலே செத்துப்போனவனுக்கு எதுக்கு டீச்சர் உடற்பயிற்சி?”

கேட்டவர் இசக்கிமுத்து. உப்பு ஏற்றிய லாரியின் மேலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர். மார்புக்குக் கீழே அவருக்கு உணர்வு கிடையாது.

பெர்பெத்தா டீச்சரும் சக்கர நாற்காலியில்தான் இருந்தாள். அவரைவிட வயதில் மிகவும் இளையவள். தன்னைப் போல் முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவள் வேலை.

மேஜைமேல் ஒரு கைசைக்கிள் இருந்தது. பெடல் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கைப்பிடிகள்.

“இது காலுக்கு இல்ல அண்ணாச்சி. மூச்சுக்கு.”

“மூச்சு தானா வந்துகிட்டுத்தான இருக்கு.”

“உக்காந்திருக்கிறதுக்குப் போதுமான மூச்சு வருது.”

இசக்கிமுத்து சிரித்தார். சட்டைக் கையை மடித்து விட்டுத் தன் புஜத்தைக் காட்டினார்.

“மூட்டை தூக்குன கை டீச்சர். இதுக்கு மேல என்ன வேணும்?”

அவள் பார்த்தாள்.

“நல்ல கைதான்” என்றாள்.

அவர் போய்விட்டார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

ஒரு மத்தியானம் அவர் மனைவி பேச்சியம்மாள் அடுப்படி வாசலில் விழுந்தாள்.

சர்க்கரை நோய்க்காரி. காலையில் மாத்திரை போட்டவள், சாப்பிட மறந்திருந்தாள்.

இசக்கிமுத்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கண் பாதி திறந்திருந்தது. பதில் இல்லை.

நாற்காலியிலிருந்து குனிந்தால் விரல் அவள் சேலை வரைக்கும்தான் எட்டியது. வீட்டிலிருந்த ஒரே போனை மகன் வேலைக்கு எடுத்துப் போயிருந்தான்.

சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தார்.

தெருவில் எல்லா வீடும் பூட்டிக் கிடந்தது. சனம் உப்பளத்தில் இருந்தது. மெயின் ரோடு மேட்டில் இருந்தது. அங்கே போனால் ஆள் இருக்கும்.

அவர் தள்ளினார். கை தள்ளியது. கையில் பலம் இருந்தது.

பாதி மேட்டில் நெஞ்சு அடைத்தது.

கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாற்காலி பின்னால் உருளாமல் இரண்டு சக்கரத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்து கத்தினார்.

சத்தம் வரவில்லை.

மறுபடியும் கத்தினார். காற்றுதான் வந்தது. அதுவும் கொஞ்சமாக வந்தது.

அப்போது மொபெட்டில் செல்லப்பாண்டி வந்தார். பக்கத்துத் தெருக்காரர். நன்றாகப் பழகியவர். இசக்கிமுத்து அவரைப் பார்த்து வாயைத் திறந்தார்.

“என்ன அண்ணாச்சி, காத்து வாங்குதீங்களா?”

கையை உயர்த்திக் காட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

மொபெட் சத்தம் தேய்ந்து மறையும் வரை இசக்கிமுத்து அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்தபடியே இருந்தது.

கடைசியில் குடத்தோடு ஒரு பெண் வந்தாள். முன்பின் தெரியாதவள். அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். அவர் ஒரு கையைச் சக்கரத்திலிருந்து எடுத்து வீட்டைக் காட்டினார். நாற்காலி ஒரு பக்கமாகச் சுழன்று சுவரில் இடித்தது.

அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

பேச்சியம்மாள் பிழைத்தாள். இன்னும் தாமதித்திருந்தால் கண் விழித்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கேட்டாள்:

“தெருவுல நின்னு ஒரு சத்தம் போட்டிருக்கலாம்லா?”



மறுநாள் காலையில் பயிற்சிக்கூடம் திறக்கும்போது அவர் வாசலில் இருந்தார்.

நடந்ததை பெர்பெத்தாவிடம் சொன்னார்.

“என் கைக்கு என்ன டீச்சர் ஆச்சு?”

“கைக்கு ஒண்ணும் ஆகல. மூத்திரப் பையைக் காலி பண்ணியாச்சா?”

“ஆச்சு.”

“அது நிறைஞ்சிருந்தா பிரஷர் ஏறிரும். எப்பவும் பாத்துட்டுத்தான் உக்காரணும். சுத்துங்க.”

அவர் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். வெறி பிடித்தவர் போலச் சுற்றினார். சற்று நேரத்தில் முகம் சிவந்தது. நெற்றியில் வியர்வை கொட்டியது. மார்புக்குக் கீழே ஒரு சொட்டு இல்லை.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டாள்.

“உங்க உடம்பு பாதிதான் வேர்க்கும். சூடு உள்ளயே தங்கிரும். மெதுவா.”

“எவ்வளவு மெதுவா?”

“என்கிட்ட பேச முடியணும். பாட முடியக்கூடாது.”

அவர் சுற்றினார். பேசினார். பேச்சு நின்றபோது வேகத்தைக் குறைத்தார். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது. லாரி நிறைய மூட்டை ஏற்றியவர், அந்தக் கையையே வெறித்துப் பார்த்தார்.

“இவ்வளவுதானா நான்?”

“இன்னைக்கு இவ்வளவு.”

தினமும் வந்தார். அப்புறம் ஒரு நாள், கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்தபோது, அவருக்குக் கோபம் வந்தது.

“முதல் நாளே என்னைய விட்டிருக்கக் கூடாது டீச்சர். சண்டை போட்டாவது உக்கார வச்சிருக்கணும்.”

“ஆமா. விட்டிருக்கக் கூடாது.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது.

“உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? உங்கள யாரு இதுல உக்கார வச்சா?”

பெர்பெத்தா அவர் கழுத்துத் துண்டை எடுத்து நனைத்தாள். பிழிந்தாள். திரும்பப் போட்டாள்.

“எங்கம்மா விழுந்த அன்னைக்கு, இதே நாற்காலியில இருந்து நானும் கத்துனேன், சத்தம் வரல. எங்க தெருவுல யாருமே வரல அண்ணாச்சி.”