படிக்கக் கேட்டு

"இன்னியோட முப்பது நாள் முடியுது சார். நான் இங்க என்ன கத்துக்கிட்டேன்?"

கேட்டவள் ஷீபா. சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு. திண்டுக்கல்லில் ஒரு வக்கீல் ஆபீஸுக்கு இன்டர்ன்ஷிப் வந்தவள்.

எதிரே அமானுல்லா. அந்த ஆபீஸ் அவருடையது. நிலப் பத்திரம்தான் அவருக்குப் பிழைப்பு. கோர்ட்டுக்குப் போவது குறைவு, கோபப்படுவது அதிகம்.

"இத்தனை நாளா என்ன செஞ்சே?"

"வாசிச்சேன். தினமும் காலையில பத்திரத்தைச் சத்தமா வாசிக்கச் சொல்றீங்க. நீங்க கண்ணை மூடிக்கிறீங்க. கேக்குறீங்களா தூங்குறீங்களான்னே தெரியலை."

அவர் டீயை உறிஞ்சினார்.

"என் கூடப் படிக்கிறவ மதுரையில ஹைகோர்ட்டுக்குள்ள நிக்கிறா சார். என் சர்டிபிகேட்ல என்ன எழுதுவீங்க? நல்லா வாசிச்சான்னா?"

டம்ளர் மேசையில் இறங்கியது. சற்று பலமாகவே.

மேசையில் அன்றைய கிரையப் பத்திரம் கிடந்தது. ஷீபா தயார் செய்தது. அச்சாகிக் கைநாட்டுக்குக் காத்திருந்தது. அமானுல்லா கடைசிப் பக்கத்தைத் திருப்பி ஒரு வரியில் விரலை ஊன்றினார்.

"இதை வாசி."

"'படிக்கக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு...'"

"யாரு கேட்டது?"

"அது எல்லாப் பத்திரத்துலயும் வர்ற வரி சார். மாதிரியில இருக்கு."

"யாரு கேட்டதுன்னு கேட்டேன்."

ஷீபா அந்த வரியை மறுபடி பார்த்தாள்.

"விக்கிற அம்மா வெளியில உக்காந்திருக்கு பாரு. போய் வாசி."

*

வெளியே பெஞ்சில் பொம்மக்கா. நிலத்தை விற்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாது.

பக்கத்தில் தனபால். வாங்குகிறவர். டைல்ஸ் கடைக்காரர், ஆபீஸுக்குப் பழைய கட்சிக்காரர். பதினொன்றரைக்குப் பதிவு அலுவலகத்தில் டோக்கன் போட்டிருந்தார். மணி பத்தே முக்கால்.

ஷீபா நின்றபடியே வாசித்தாள். பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயர் சொல்கிற வேகம்.

"பாப்பா," என்றார் பொம்மக்கா. "என் பேரையே தாண்டிப் போயிட்டே."

தனபால் சிரித்தார். ஷீபாவுக்குக் காது சூடானது. மறுபடி ஆரம்பித்தாள், மெதுவாக.

பெயர் வந்தது. ஊர் வந்தது. சர்வே நம்பர் வந்தது. பொம்மக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"'மேற்படி நிலத்திலுள்ள கிணறு, பம்புசெட்டு, மின் இணைப்பு முழுவதும் உள்பட...'"

தலை நின்றது.

"முழுவதும்னா?"

"முழுசும்."

"கிணறுமா?"

"ஆமா."

"பாதிக் கிணறு எனக்குன்னுதான பேச்சு. மேக்காட்டைத்தான் நான் விக்கிறேன். கீழ்க்காட்டுல மல்லி நிக்குதே, அதுக்கு ஏது தண்ணி?"

ஷீபா தாளைப் பார்த்தாள்.

தனபால் போன வருஷம் வேறொரு நிலம் வாங்கிய பத்திரம்தான் அவளுக்கு மாதிரி. பெயரை மாற்றினாள். சர்வே நம்பரை மாற்றினாள். நான்கு எல்லையையும் மாற்றினாள். கிணற்று வரியைத் தொடவே இல்லை.

அது சும்மா வர்ற வரிதான் பாட்டி, ஒண்ணும் ஆகாது. இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நான்தான் தப்பா அடிச்சிட்டேன்," என்றாள்.

தனபால் கைக்கடிகாரத்தைத் தட்டினார். "டோக்கன் போயிரும்மா. தண்ணியெல்லாம் பேச்சுல இருக்கட்டும். அக்காவை எடுக்காதேன்னா சொல்லப் போறேன்?"

அமானுல்லா வாசலில் வந்து நின்றிருந்தார். தனபால் அவர் பக்கம் திரும்பினார்.

"என்ன வக்கீல் சார், காலையில உங்களுக்குப் படிச்சுக் காட்டலியா இந்தப் பொண்ணு?"

"காட்டுச்சு. எனக்குத் தப்பு ஒண்ணும் தெரியலை. என் கிணறா அது?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் கத்துவார். ஷீபா அதற்குக் காத்திருந்தாள். அவர் நிலைப்படியில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

சரி, வேறு வழியில்லை.

"அண்ணே," என்றாள் ஷீபா. "தண்ணி எடுக்காதேன்னு சொல்ல மாட்டீங்கள்ல?"

"மாட்டேன்."

"அப்ப எழுதுறதுல என்ன?"

"எழுதினா... அது அப்படியே நிலைச்சு நிக்கும்லம்மா."

"உங்க பேச்சும் நிக்கும்தான?"

தனபால் அவளைப் பார்த்தார். பொம்மக்காவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி. கரண்டுச் செலவு ஆளுக்குப் பாதி. சம்மதமாக்கா?"

"வெயில் காலத்துல?"

"அதே முறைதான்."

"மோட்டார் ரிப்பேரானா?"

"அதுவும் பாதிதான். எழுதிக்கோம்மா," என்று ஷீபாவிடம் சொன்னார். "என்கிட்ட இவ்வளவு நேரம் யாரும் பேரம் பேசுனதில்ல. நீ கடை வச்சிருந்தா நான் என் கடையை அடைச்சிருப்பேன்."

*

புதுப் பத்திரம் அச்சாகி வரும்போது மணி பன்னிரண்டு. டோக்கன் போயிருந்தது. மறுநாளைக்கு வேறு டோக்கன் போட்டார் தனபால். முணுமுணுத்தார், ஆனால் போட்டார்.

"கிணத்து வரியை மட்டும் வாசிக்கவா பாட்டி?"

"முதல்ல இருந்து படி."

ஷீபா ஸ்டூலை இழுத்து பொம்மக்காவின் எதிரே போட்டாள். முழங்காலோடு முழங்கால் இடிக்கிற தூரம். உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

பொம்மக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

ஷீபா ஒரு நொடி நிறுத்தினாள். அந்த மூடிய கண்களையே பார்த்தாள். பிறகு விட்ட இடத்திலிருந்து, இன்னும் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக வைத்தாள்.

உள்ளேயிருந்து அமானுல்லாவின் குரல் வந்தது. லெட்டர்பேடும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, சர்டிபிகேட்ல என்ன எழுதணும்னு சொன்னே?"

ஷீபா திரும்பவில்லை.

"கொஞ்சம் பேசாம இருங்க சார். அவங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க."