படித்துறைச் சுவரின் பஞ்சாங்கம்

முன்னொரு காலத்தில், மழையைவிட அரசாணை அதிகமாகப் பொழிந்த ஒரு தேசத்தில், ஏகாம்பரம் என்றொரு விகடகவி இருந்தான். அவனுக்குப் பசியும் தாங்காது, அநியாயமும் தாங்காது.

அந்த ஊரில் திதியோ கிரகணமோ, எது தெரிய வேண்டுமானாலும் அரண்மனை ஜோதிடர் வராகமூர்த்தியின் பஞ்சாங்கத்தை விலைக்கு வாங்க வேண்டும். கணிக்கும் முறையைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சுவிட மாட்டார். ஓடம் விடும் சோமாயி, பல வருடம் நிலவைப் பார்த்துப் பார்த்துத் தானே ஒரு முறையைக் கண்டுபிடித்தாள். அதைப் படித்துறைச் சுவரில் கரியால் எழுதி, "யாரும் எடுத்துக்கொள்ளலாம். பிழை கண்டால் இங்கேயே திருத்துங்கள்" என்று கீழே எழுதிவைத்தாள். ஊரே அங்கே மொய்த்தது. ஜோதிடரின் ஓலையைச் சீந்துவாரில்லை.

ஜோதிடர் சபையில் அழுதார். "மகாராஜா, ஓலை எழுதும் பதினான்கு பேர் என்னை நம்பியிருக்கிறார்கள். சும்மா கொடுப்பவளோடு நாங்கள் எப்படிப் போட்டியிடுவது?"

அழுகை நிஜம்தான். ஏகாம்பரத்துக்கே பாவமாக இருந்தது. ஆனால் அரசர் அவசரக்காரர்.

"ஒருவர் கண்டுபிடித்ததை விலை கொடுக்காமல் இனி எவரும் பயன்படுத்தக் கூடாது. நாளை மாலை சுவரை அழித்து, அவளை நாடு கடத்துங்கள். ஏகாம்பரம், ஆணையை நிறைவேற்றுவது உன் பொறுப்பு."

சோமாயியிடம் போய்ச் சொன்னான். "போறதுக்குப் பயமில்லீங்க. அக்கரைக்குப் போற சனத்த யாரு கொண்டு விடுவா?" என்றாள்.

மறுநாள் மதியம் அரசர் சாப்பிட உட்கார்ந்தார். இலை காலி.

"சோறு வடிக்கும் முறையை முதலில் கண்டவருக்கு நாம் இன்னும் விலை கொடுக்கவில்லை, பிரபு. அவரைத் தேடி ஆள் போயிருக்கிறது" என்றான் ஏகாம்பரம்.

"ஜோதிடர் எங்கே?"

"வேட்டி கட்டும் விதத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியாமல் வீட்டில் போர்வைக்குள் இருக்கிறார். போர்வையையும் பறித்திருப்பேன். குளிர்காலம், விட்டுவிட்டேன்."

அரசருக்குக் கோபம் வரப் பார்த்தது. அதற்குள் வயிறு இரைந்தது. விழுந்து விழுந்து சிரித்தார். "ஆணை ரத்து. முதலில் சோறு போடச் சொல். ஆனால் அந்தப் பதினான்கு பேர்?"

"சுவர் திதி சொல்லும், பிரபு. கல்யாண வீட்டுக்கு வந்து, இரண்டு சம்பந்திகளும் ஒத்துக்கொள்ளும்படி நாள் குறித்துக் கொடுக்காது. அதை அந்தப் பதினான்கு பேரும் செய்யட்டும்; அந்த உழைப்புக்கு ஜனங்கள் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். சுவரைப் பராமரிக்க சோமாயியையும் ஜோதிடரையும் நியமித்து, அரண்மனையே சம்பளம் தரட்டும். தாங்களும் முக்காடு போட்டுப் போய் அதைத்தானே பார்க்கிறீர்கள்."

அரசர் அசடு வழிந்தார்.

அன்று மாலை ஜோதிடர் வேட்டியோடு படித்துறைக்குப் போனார். கிரகணக் கணிப்பில் ஒரு பிழையைக் கண்டு, சோமாயியிடம் கரி வாங்கித் திருத்தினார். தம் ஓலையிலிருந்த பிழையும் அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. அதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

அரசர் ஏகாம்பரத்துக்கு முத்துமாலை சூட்டி, "வேறென்ன வேண்டும்?" என்றார்.

"இந்தக் கதையை யாரும் சும்மா சொல்லலாமென்று உத்தரவிடுங்கள். சொல்பவர் தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்."

அந்தப் போர்வை நான் சேர்த்தது.