பதினாறோடு நின்ற வாய்ப்பாடு

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மணிமுடி நாட்டை மாரபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒருவனுக்குப் பதவி கொடுப்பார், மத்தியானச் சாப்பாட்டுக்குள் பிடுங்கிவிடுவார். அப்படிப்பட்ட ராஜா.

ஒருநாள் சபையில் அவருடைய சின்ன மகள் கோமளவல்லி எட்டாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் பாடினாள். ஓரெட்டு எட்டில் தொடங்கி, பதினாறெட்டு நூற்றிருபத்தெட்டு வரை தட்டுத்தடங்கலே இல்லை. சபையே கைதட்டியது. மந்திரி செங்கோடர் மட்டும் தட்டவில்லை.

மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த அரண்மனை வாத்தியார் வித்யாகரர் சும்மா இருப்பாரா? "மந்திரியாருக்குக் கைவலி போலிருக்கிறது, மகாராஜா."

ராஜாவின் முகம் கடுகடுத்தது. "என்னய்யா, என் மகள் கணக்கு உமக்கு இளப்பமா?"

"இளவரசி நன்றாகப் பாடினாள், மகாராஜா. கணக்கு இன்னும் போடவில்லை."

"அதை இப்பவே நிரூபியும். இல்லையென்றால் பொழுது சாய்வதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு நாட்டை விட்டுப் போய்விடும். பதவி வாத்தியாருக்கு."

மந்திரிக்கு வீட்டில் கைக்குழந்தை. "ஒரு உத்தரவு போடுங்கள், மகாராஜா. இனி ஏழெட்டு என்கிற வரியை யாரும் பாடக்கூடாது."

"போட்டாயிற்று."

மந்திரி இளவரசி பக்கம் திரும்பினார். "கண்ணு, எட்டெட்டு எவ்வளவு?"

கோமளவல்லி முதலிலிருந்து பாடினாள். ஆறெட்டு நாற்பத்தெட்டில் நின்றாள். மறுபடி தொடங்கினாள். அங்கேயே நின்றாள். கண்ணில் நீர் முட்டியது.

"குழந்தையை அழவிட்டாரே" என்றார் வாத்தியார். ராஜாவின் கை வாளுக்குப் போனது.

மந்திரி சட்டென்று குழந்தைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முற்றத்தில் விருந்துக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். "அங்கே பாரு. வரிசைக்கு எட்டு இலை. ஆறு வரிசை போட்டாச்சு."

"நாப்பத்தெட்டு."

"இன்னும் ஒரு வரிசை விரிக்கிறாங்க பாரு."

அவள் விரலை மடக்கினாள். "அம்பத்தாறு. அடுத்த வரிசையும் போட்டா அறுபத்துநாலு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப பாட்டு மறந்தாலும் அடி விழாதா, மந்திரி மாமா?"

ராஜாவின் கை வாளை விட்டது. மெல்ல வாத்தியார் பக்கம் திரும்பினார். "பதினேழெட்டு எவ்வளவு ஐயா?"

"வாய்ப்பாடு பதினாறோடு முடிகிறது, மகாராஜா. அதற்குமேல் என் குருவே சொல்லித்தரவில்லை."

"இன்னும் ஒரு வரிசை போட்டாப் போச்சு" என்றாள் கோமளவல்லி. "நூத்து முப்பத்தாறு."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். "வாத்தியாரே, நாளையிலிருந்து பந்திக்கு நீர்தான் இலை போடவேண்டும். எத்தனை இலை என்று என் மகள் கேட்பாள். பாடாமல் சொல்லும்."

அப்போதுதான் மந்திரி கைதட்டினார்.