அமாவாசையை ஒழிச்ச ராசா

ஒரே ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தானாம். பெரிய ராச்சியம்னு நெனைக்காத, ஊர்க் குளத்துக்கு இந்தக் கரையில நின்னு கத்துனா அந்தக் கரைக்குக் கேக்கும்லா, அவ்வளவுதான். கோவம் மட்டும் ஏழு நாட்டுக்குக் காணும்.

அவன் ஊர்வலத்துல தீவட்டி பிடிக்கிறவன் சொரிமுத்து. ஒரு நாள் தீவட்டி எண்ணெய் ஒரு சொட்டு ராசாவோட புதுப் பட்டுல விழுந்துட்டு. அமாவாசை வரைக்கும் இவன் சிறையில கெடக்கட்டும்னு ராசா சபையில சொல்லிட்டான். சொரிமுத்து பெண்டாட்டி இசக்கி வானத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. நிலா தேயத் தேய அவளுக்கு உசிரு வந்துச்சு.

அமாவாசையும் வந்துச்சு. ராசாவுக்கோ கோவம் ஆறல. சபையில சொன்ன சொல்ல மாத்தவும் வெக்கம். அரண்மனைச் சோசியரு வெத்தலைய ஒரு கன்னத்துல ஒதுக்கிக்கிட்டு, சொல்ல ஏன் மாத்தணும், அந்த நாளையே மாத்திருவோம்னாரு. ஒடனே தண்டோரா போட்டாச்சு: இனிமே இந்த நாட்டுல அமாவாசையே கிடையாது, தெனமும் பௌர்ணமிதான்.

அன்னைக்குப் பொழுது சாஞ்சதும் ஊரே சுவரத் தடவித் தடவி நடக்குது, ஆனா வாயி மட்டும் ஆகா என்ன நிலான்னு சொல்லுது. மந்திரி கண்ணு கூசுதுன்னு கையால மறைச்சுக்கிட்டாரு. சேனாபதி இந்த வெளிச்சத்துல ஊசி கோக்கலாம்னு சொல்லி, கோக்கப் போயி விரல்ல குத்திக்கிட்டாரு. சிரிக்காத, பெரிய மனுசங்க எல்லா ஊர்லயும் இப்படித்தான்.

இசக்கி சிறைக்கு ஓடுனா. அமாவாசை வந்தா விடுதேன்னான் காவக்காரன். புருசன் உள்ளயே கெடந்து செத்துருவானேன்னு பிறையம்மன் கோயில்ல போயி விழுந்து அழுதா. அழுதுக்கிட்டே பாத்தா, மூலையில தீச்சட்டி அடுக்கியிருக்கு. அழுகை நின்னுபோச்சு.

என்னன்னு கேளு. நிலா அந்த அம்மனோட நெத்திச்சுட்டியாம். பௌர்ணமியில அது முழுசா ஜொலிக்கும்போது அம்மன் கொதிச்சுப் போயி இருப்பாளாம். அவ சூடு தணிய, நாட்ட ஆளுறவன் பச்சத்தண்ணி குடிக்காம, தீச்சட்டி ஏந்திக் கோயிலச் சுத்தணும். அமாவாசையில சுட்டியக் கழட்டி வச்சுட்டு, எண்ணெ தேச்சுக் குளிச்சு, அம்மன் ஓய்வெடுப்பா.

மறுநாள் காலையில இசக்கி பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டுக் குலவை போட்டு அரண்மனை வாசல்ல நின்னா. இன்னைக்குப் பௌர்ணமி, சட்டி எடுக்க வாங்கன்னா. ஊரே பாக்குது, ராசா எடுத்தான். அடுத்த நாளும் குலவை, அடுத்த நாளும் பௌர்ணமி, அடுத்த நாளும் சட்டி. மூணாம் நாளு ராசா கட்டிலுக்கு அடியில போயிப் படுத்துக்கிட்டான். இசக்கியும் பொம்பளைங்களும் வெளிய இழுத்தாங்க.

"நேத்துதானம்மா எடுத்தேன்?"

"அது நேத்தைய பௌர்ணமிக்கு. அம்மனுக்கு இருந்த ஒத்த ஓய்வு நாளையும் நீங்கதான பிடுங்கினீக? அவ குளிக்கிற வரைக்கும் சட்டிய எறக்க முடியாது."

அன்னைக்கும் சுத்தினான். பசி காத அடைக்குது, கையெல்லாம் கொப்புளம். பொழுது சாய முடிச்சதும், இன்னைக்கு அமாவாசைன்னு கத்துனான். சோசியரு மேக்க கையக் காட்டி, பிறை தெரியுதே ராசான்னாரு. ராசா அந்தச் சட்டிய அவரு கையில திணிச்சான். சூடு பட்டதும் சோசியருக்கும் வானம் நல்லா இருட்டிருச்சு.

சிறை தொறந்துச்சு. வெளிய வந்த சொரிமுத்து, கையில வாழையிலயச் சுத்திக்கிட்டு நின்ன ராசாவப் பாத்தான். அவனுக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வருது. இசக்கி அவன் வாயப் பொத்துனா.

"வீட்டுக்கு வந்து சிரிங்க. இப்ப நடங்க."

வானத்துக்கு உத்தரவு போட்டா கைதான் வேகும். கத ஆறிப்போச்சு, கண்ண மூடு.