அங்காயி கேட்ட கிறீச் சத்தம்

முன்னொரு காலத்தில் மேலக்கோட்டை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் இல்லை. பொறுமைதான் கிடையாது. அரிசி வேகும்வரை காத்திருக்க மாட்டார்; பாதி வெந்ததைத் தின்றுவிட்டு, வயிறு வலிக்கிறதென்று வைத்தியரைத் திட்டுவார். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரை அவசரவர்மன் என்றுதான் சொன்னார்கள்.

அவருக்கு நுங்கு என்றால் உயிர். நுங்கோ மலைக்கு அந்தப்பக்கம், கடலோரத்தில். அதைக் கொண்டுவந்து கொடுத்தது அங்காயியின் மூன்று மாட்டுவண்டிகள். சின்னத் தொழில். அவள் சரக்குப் பொறுப்பு, அவள் புருஷன் வீரணன் முன்வண்டி. மலையின் அந்தப்பக்கம் மெத்தென்று இறங்கும். இந்தப்பக்கம் அப்படி இல்லை, ஆளை விழுங்குகிற சரிவு. சக்கரத்தில் முட்டுக்கட்டையை அழுத்திக் கட்டி, அது உரச உரச, வண்டியை மெதுவாக விடவேண்டும். அந்தக் கிறீச் சத்தம் ஊர்வரை கேட்கும். "சனியன், பல்லு கூசுது" என்று அங்காயியே காதைப் பொத்திக்கொள்வாள்.

ஒருநாள் நுங்கு கொஞ்சம் முற்றிப்போய் வந்தது. ராஜா தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினார்: "இனிமேல் என் நுங்குக்கு எவனும் முட்டுக்கட்டை போடக் கூடாது!"

தாமதம் பண்ணாதே என்று அர்த்தம். யாருக்கும் புரியும். வண்டிப்பேட்டை அதிகாரி பூவேந்தருக்கும் புரிந்தது. ஆனால் தன் மச்சானுக்குக் கிடைக்காமல் அரண்மனைச் சரக்கு அங்காயிக்குப் போனதிலிருந்து அவருக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. "ராஜா வாக்கு. ஒரு எழுத்து மாறக் கூடாது" என்று சொல்லி, கோட்டை வாசலில் வண்டிகளை மறித்து, எல்லா முட்டுக்கட்டைகளையும் பிடுங்கி அரண்மனை அடுப்புக்கு அனுப்பிவிட்டார். புதுசாக வெட்டிக் கட்டினாலும் பிடுங்குவதற்குக் கணவாயில் ஆள் போட்டார். வைத்திருந்தால் கசையடி.

அன்று வீரணன் வண்டிக் கொட்டகையிலிருந்து கிளம்பும்போது, கோட்டை வாசலில் இப்படி நடக்கப்போவது அங்காயிக்குத் தெரியாது. அவன் வண்டியிலிருந்து, "அங்காயி, போயிட்டு வர்றேன்" என்று கத்தினான். அவள் கயிற்றுச் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் "உம்" என்றாள். அவ்வளவுதான்.

விஷயம் தெரிந்ததும் ஓடினாள். பூவேந்தர் அரண்மனை வாசலிலேயே மறித்தார்.

"ராஜா பிறந்தநாள் தேர் வேலையில் இருக்கார். அப்புறம் வா தாயி."

"கட்டை இல்லாம எப்படி ஐயா இறங்குவாங்க?"

"வேகமா இறங்குவாங்க."

"ஆளு உயிரோட வர வேணாமா?"

"நுங்கு வரணும். உத்தரவுல ஆளைப் பத்தி ஒண்ணும் இல்லையே."

கொட்டகைக்குத் திரும்பினாள். வீரணனின் துண்டு ஆணியில் தொங்கியது. "போயிட்டு வா" என்று சொல்ல என்ன கேடு வந்தது? அந்தச் சனியன் சத்தம் ஒரே ஒருதரம் கேட்டால் போதும் என்றிருந்தது. பல் உதிர்ந்தாலும் பரவாயில்லை. தேரன்றைக்குச் சாயங்காலம் அவன் கணவாய் உச்சிக்கு வந்துவிடுவான். அழுதுகொண்டிருக்க நேரமில்லை.

தேரன்று விடிந்ததும் பூவேந்தரின் காவலர்களிடம் போனாள். "அண்ணே, எங்க கட்டையெல்லாம் குட்டி. ஊருக்குள்ள நாலு பூதக்கட்டை ஒளிஞ்சிருக்கு. பிடிச்சா அதிகாரி உங்களுக்குப் பட்டு கட்டுவாரு."

"எங்கே?"

"தேர்க்கொட்டகையில."

அவர்கள் யோசிக்கிற ஆட்கள் இல்லை. நாலையும் அரண்மனை அடுப்புக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மேளம் கொட்டியது. ராஜா தேரில் ஏறி உட்கார்ந்தார். தேரடித் தெரு சாய்வான தெரு, நேராகக் குளத்தில் போய் முடியும். "இழுங்கடா, சீக்கிரம்!" என்றவர் கீழே குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"நிறுத்து! சக்கரத்துக்குக் கட்டை போடுறவன் எங்கே?"

கூட்டத்திலிருந்து அங்காயி முன்னால் வந்தாள். "ராஜாவே, இந்த நாட்டுல முட்டுக்கட்டை கூடாதாம். அதிகாரி உத்தரவு. தேர்க்கட்டை இப்போ உங்க பாயசத்துக்கு எரியுது."

"யோவ் பூவேந்தரே!"

"தாங்கள்தான் பிரபு... நுங்குக்கு... முட்டுக்கட்டை..."

"நான் சொன்னது தாமதத்தைய்யா!"

"வாக்கு... எழுத்து மாறக் கூடாதென்று..."

"அப்படியா? சரி. மேலே ஏறும். நான் இறங்கிக்கிறேன். கட்டை இல்லாமல் எவ்வளவு வேகம் என்று பார்ப்போம்."

பூவேந்தர் இரண்டடி பின்னால் போனார். "பிரபு, குளம்... எனக்கு நீச்சல் தெரியாது."

"மாட்டுக்கும் பறக்கத் தெரியாதுங்க" என்றாள் அங்காயி. கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "ராஜாவே, என் வீட்டுக்காரர் மூணு வண்டியோட இன்னிக்கு அந்தச் சரிவுல இறங்குறாரு. கட்டை இல்லாம."

ராஜா தேரிலிருந்து குதித்தார். அவருடைய அவசரம் அன்றைக்குத்தான் முதல்முதலாக ஒருத்தருக்கு உதவியது. "குதிரை! கட்டை வெட்டு! இன்னும் நிக்கிறியே, ஓடுடா!"

கட்டைகளோடு குதிரை பறந்தது. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். அங்காயி கை நீட்டவில்லை. "கணவாய் உச்சியில ஒரு கொட்டகை போடுங்க. கட்டை எப்பவும் அங்க இருக்கணும். ஓட்டுறவன் கண்ணசர ஒரு இடம். அவசரம்னு யாரும் விரட்டக் கூடாது."

"போட்டாச்சு. கட்டையை எடுத்துக் கொடுக்கிற வேலை பூவேந்தருக்கு. கையாலே கட்டியும் விடணும்."

அங்காயி அதைக் கேட்க நிற்கவில்லை. கோட்டை வாசலுக்குப் போய் மலையைப் பார்த்து நின்றாள். வெயில் சாய்ந்தது. குதிரை போய்ச் சேர்ந்ததா, தெரியாது. சத்தம் வந்தால் கட்டை இருக்கிறது. வராவிட்டால் இல்லை. யார் பேசினாலும் "உஷ்" என்றாள். காற்றைக்கூடத் திட்டினாள்.

அப்புறம், ரொம்ப தூரத்தில், கிறீச்.

இருட்டும் நேரத்தில் வண்டிகள் ஆடி அசைந்து வந்தன. நுங்கு கல்லாக முற்றியிருந்தது. ராஜா அதை ஒரு வார்த்தை பேசாமல் மென்று தின்றாராம்.

வீரணன் வாசலில் அவளைப் பார்த்துவிட்டுக் கேட்டான். "ஏன் இங்க நிக்கிற? காதைப் பொத்தலையா? பல்லு கூசுமே."

"கூசுது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் மெதுவா வா."