ஒரு கிளை பாக்கி

"ஏனுங்க அம்மணி, என்னைய எதுக்கு எறங்கச் சொன்னீங்க?"

மரத்தை விட்டு இறங்கியதும் நாச்சிமுத்து கேட்ட முதல் கேள்வி இதுதான். போன மரத்திலும் இதையேதான் கேட்டான்.

"தோணுச்சுங்ணா. சொன்னேன்," என்றாள் தெய்வானை.

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

"இன்னும் ஒரு கிளைதானுங்க பாக்கி இருந்துச்சு."

"அதையுந்தான் வெட்டிப்போட்டு வந்துட்டீங்களே."

சொல்லிவிட்டுத் தூக்குப்போசியைத் திறந்து சோற்றில் மோரை ஊற்றினாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல் பெயராது என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும்.

ஆனைமலைப் பக்கம் இருபது வருசம் தென்னை ஏறியவன் அவன். தோப்பில் வாடல் நோய் புகுந்து, மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டார்கள். நாற்பத்தைந்து வயதில் சந்தையில் மூட்டை தூக்கப் போகலாம் என்றார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் தரையில் நடக்கிறார்கள். நாச்சிமுத்துவுக்கு அது ஒத்துவரவில்லை.

தெய்வானை அவனைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவள். ஆல், புளி, தூங்குமூஞ்சி என்று கிளை விரிக்கிற மரங்களில் கயிறு கட்டி ஏறுவாள். வீட்டுக்கு மேல் காய்ந்து நிற்கிற கிளையை ஓடு உடையாமல் கட்டி இறக்குவாள். பொள்ளாச்சி வட்டாரத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது.

வயதைப் பார்த்தால் வயிறு கேட்குமா? நேரே அவளிடம் போய் நின்றான்.

"எனக்கு இந்த வேலையச் சொல்லிக் குடுக்கோணுமுங்க."

"நம்மகிட்ட சட்டம் ஒண்ணே ஒண்ணுதானுங்ணா," என்றாள். "கீழ இருந்து யாரு எறங்குன்னு சொன்னாலும் எறங்கிப்போடோணும்."

"யாரு சொன்னாலுமுங்களா?"

"யாரு சொன்னாலும்."

நாச்சிமுத்து ரங்கராசுவைப் பார்த்தான். ரங்கராசு தெய்வானைக்குக் கீழிருந்து கயிறு பிடிக்கிறவன். முப்பது வயதிருக்கும். ஸ்டூல் மேல் ஏறினாலே அவனுக்குத் தலை சுற்றும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கமாட்டான். இவன் சொல்லியா நான் இறங்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டான் நாச்சிமுத்து.

"சரிங்க அம்மணி," என்றான்.

சரி என்று சொல்வதில் என்ன கஷ்டம்.

வேலை நன்றாகவே வந்தது. முடிச்சுப் போடக் கற்றான். கவட்டையில் கயிறு ஏற்றக் கற்றான். கைரம்பத்தால் சின்னக் கிளைகளை வெட்டினான். ஆனால் மிஷின் ரம்பம் மட்டும் தெய்வானையின் இடுப்பிலேயே தொங்கியது. அது கைக்கு வராதவரை யாரும் முழு ஆள் இல்லை. பார்க்கிறவர்கள் அவனை "அந்தப் புள்ளைக்கு எடுபிடி" என்றுதான் சொன்னார்கள்.

"ரம்பத்த எப்பத்தானுங்க என்ற கைல குடுப்பீங்க?"

"நீங்க எறங்கக் கத்துக்கிட்டதும்."

அவனுக்குச் சுருக்கென்று வந்தது. "இருபது வருசமா ஏறுன மரத்துலயேவா குடியிருந்தேன்?"

ரங்கராசு சிரிப்பை அடக்கக் கயிற்றைச் சுருட்டினான்.

கற்றே தீருவது என்று முடிவு செய்துவிட்டான் நாச்சிமுத்து. அவன் பிடித்தால் உடும்புப் பிடி. சாயங்காலமானால் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வேம்பில் ஏறுவான், இறங்குவான், மறுபடி ஏறுவான். உள்ளங்கை கொப்பளித்தது. "மரத்துக்கே அலுத்துப் போச்சு, வந்து சோறு தின்னுங்க," என்றாள் பெண்டாட்டி. அவன் நிறுத்தவில்லை.

ஒரு நாள் தெய்வானைக்கு இறங்கிக் காட்டினான். கயிறு சர்ரென்று போனது.

"எப்படிங்க அம்மணி?"

"நல்ல வேகமுங்ணா."

ரம்பம் அவள் இடுப்பிலேயே இருந்தது.

பிறகு பள்ளிக்கூடத்து மரம் வந்தது.

அது பெரிய தூங்குமூஞ்சி மரம். சத்துணவுக் கூடத்தின் ஓட்டுக்கு மேலே அதன் ஒரு பக்கம் முழுக்கக் காய்ந்து நின்றது. மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது. பிள்ளைகள் அந்த ஓட்டுக்குக் கீழேதான் உட்கார்ந்து சாப்பிடும். அதற்குள் காய்ந்ததெல்லாம் இறங்கியாக வேண்டும்.

இந்த மரம் எனக்குத்தான் என்று மனதில் எழுதி வைத்திருந்தான் நாச்சிமுத்து. விடியும்போதே பெல்ட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

தெய்வானை கயிற்றின் நுனியை அவன் கையில் கொடுத்தாள்.

"நீங்க கீழ இருங்ணா. நான் ஏறறேன்."

ரங்கராசு பிடிக்கிற கயிறு அது. நாச்சிமுத்துவுக்குக் காது வரை சூடேறியது. கயிற்றை இறுக்கிப் பிடித்தான்.

அவள் ஏறினாள். நடுவில் செவ்வெறும்புக் கூடு ஒன்று இருந்தது. சுற்றிப் போக வழியில்லை. கடியைப் பொறுத்துக்கொண்டு அதைத் தாண்டினாள். காய்ந்த கிளைக்குப் போய்ச் சேர்ந்து, காலை ஊன்றி, கிளையைக் கயிற்றில் கட்டி, ரம்பத்தை முடுக்கினாள். அதன் பல் கிளையைத் தொடப் போகிற நேரம்.

நாச்சிமுத்துவுக்குள் ஏதோ கிளம்பியது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கயிறு சரி, கவட்டை சரி. சரியில்லாதது அவன் மனசு ஒன்றுதான்.

"எறங்குங்க அம்மணி," என்று கத்தினான்.

இப்போது தெரியட்டும் என்று நினைத்தான். ஏன் என்று கேட்பாள். தோணுச்சு, சொன்னேன் என்று அவள் சொன்னதையே அவளுக்குத் திருப்பிக் கொடுக்கலாம். பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றான்.

ரம்பம் நின்றது.

அவள் அதை இடுப்பில் மாட்டினாள். கட்டிய கிளையை அப்படியே விட்டாள். இறங்கினாள். வேகமாக இல்லை, மெதுவாகவும் இல்லை. எறும்புக் கூட்டை மறுபடி தாண்டினாள்.

ரங்கராசு சுள்ளி பொறுக்குவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

தரைக்கு வந்தவள் தண்ணீர் குடித்தாள். கழுத்தில் ஊர்ந்த எறும்புகளைத் தட்டிவிட்டாள். கை இரண்டும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது.

நாச்சிமுத்து காத்திருந்தான். அவள் கேட்கவில்லை.

இன்னும் காத்திருந்தான்.

தெய்வானை அவன் முன்னால் வந்து நின்றாள். முகத்தில் கோபமும் இல்லை, நக்கலும் இல்லை.

"மறுக்கா ஏறட்டுங்களாண்ணா?" என்றாள்.

நாக்கு நுனியில் இருந்தது எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. தலை குனிந்தால் அந்தக் கைகள் கண்ணில் பட்டன. கேட்டுவிட்டு அவள் அங்கேயே நின்றாள். அவன் சொல்லாமல் அவள் ஏறப்போவதில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

நாச்சிமுத்து மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அடிமரத்தைத் தட்டிப் பார்த்தான். கவட்டையை அண்ணாந்து பார்த்தான். அவள் பெல்ட்டின் முடிச்சை இழுத்துப் பார்த்தான். காலையில் பிடித்த கயிறுதான், இப்போதுதான் அதன் கனம் கைக்குத் தெரிந்தது.

"ஏறுங்க அம்மணி," என்றான்.

மதியம் வரை அவன் கண் மரத்தை விட்டு இறங்கவில்லை. ரங்கராசு டீ கொண்டுவந்து நீட்டியதுகூடத் தெரியவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு காய்ந்ததில் ஒரே ஒரு கிளைதான் பாக்கி. மற்றதெல்லாம் தரைக்கு வந்துவிட்டது.

"அது உங்களுதுங்ணா," என்றாள் தெய்வானை. கைரம்பத்தை நீட்டினாள். "மொதல்ல மேல இருக்கற குச்சியெல்லாம் அறுத்து விடுங்க. அப்பறம் பார்க்கலாம்."

கயிறு ரங்கராசுவின் கைக்குப் போனது.

நாச்சிமுத்து ஏறினான். எறும்பு அவனையும் சும்மா விடவில்லை. குச்சிகளை ஒவ்வொன்றாக அறுத்தான். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கீழே சத்துணவுக் கூடத்தின் ஓடு தெரிந்தது, நாளைக்குப் பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு உட்காரப் போகிற இடம். கடைசிக் குச்சியில் ரம்பத்தை வைத்துப் பாதி அறுத்தாகிவிட்டது. இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது.

"எ... எறங்குங்ணா."

முதலில் அவனுக்கு யார் குரல் என்றே புரியவில்லை. குனிந்து பார்த்தான். தெய்வானை தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ரங்கராசு இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றான். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் வாங்கிக்கொள்வான் போலிருந்தது அவன் முகம்.

நாலு இழுப்பு.

கை தானாக ரம்பத்தை அழுத்தியது. இருபது வருசப் பழக்கம். நாச்சிமுத்து பல்லைக் கடித்தான். ஏறும்போதுகூட அவன் இத்தனை பலத்தைக் கூட்டியதில்லை. அறுபட்ட வாயிலிருந்து ரம்பத்தை உருவி எடுத்து இடுப்பில் செருகினான்.

குச்சி பாதி அறுந்தபடி மேலே நின்றது. அவன் இறங்கினான்.

தரையில் கால் பட்டதும் ரங்கராசு தடுமாற ஆரம்பித்தான். "அது வந்துங்ணா... ஒண்ணுமில்லீங்... என்னமோ மனசுக்கு ஒரு மாதிரி..."

நாச்சிமுத்து தண்ணீர் குடித்தான். எறும்பைத் தட்டிவிட்டான். மீதித் தண்ணீரை ரங்கராசுவிடம் நீட்டினான். ரங்கராசு வாங்கிக்கொண்டு பேச்சை நிறுத்தினான்.

பின்னால் யாரோ வந்து நின்றது தெரிந்தது. அவன் பெல்ட்டில் ஏதோ மாட்டினார்கள். இடுப்பு ஒரு பக்கம் கனத்தது. பெட்ரோல் வாசனை வந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ரங்கராசுவைத்தான் பார்த்தான்.

"மறுக்கா ஏறட்டுங்களா?" என்றான்.