வாயைத் திறக்கச் சொன்ன காக்கை

குளத்தங்கரை நாவல் மரத்தடியில் ஒரு கீரி செல்போன் கடை விரித்திருந்தது. சாதாரணக் கீரி இல்லை. கீரிக்கும் பாம்புக்கும் சண்டை காட்டுறேன், காட்டுறேன் என்று சொல்லியே தாயத்து விற்றுவிட்டு, கடைசிவரை கூடையைத் திறக்காமல் நடையைக் கட்டுவானே வித்தைக்காரன், அவன் கூடையில் வளர்ந்தது. வாய்ச் சவடாலுக்குக் கேட்கவா வேண்டும்!

எருமை ஒரு போன் வாங்கிக் கொம்பில் தொங்கவிட்டுக்கொண்டது. முயலும் ஒன்று வாங்கியது. அடுத்து வந்து இறங்கினாள் மையாத்தா என்ற காக்கை.

மையாத்தா வளர்த்த பிள்ளை செங்கண்ணன், ஒரு குயில். எந்தக் குயிலோ அவள் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போக, தன் முட்டை என்றே அடைகாத்து, ஊட்டி வளர்த்தாள். அவன் இப்போது மலைக்கு அந்தப் பக்கம் மாந்தோப்பில் இருக்கிறான். அவன் குரலைக் கேட்காமல் இவளுக்கு இரை இறங்கவில்லை. அதனால்தான் கூட்டிலிருந்த ஒரே சொத்தை, ஒரு வெள்ளிக் கொலுசை, அலகில் கவ்விக்கொண்டு வந்திருந்தாள். அது போனால் அவளிடம் வேறு எதுவும் இல்லை.

கீரி ஒரு பளபளப்பான டப்பாவை நீட்டியது. அசல் கம்பெனிப் போன், பாதி விலை, இன்றைக்கு விட்டால் கிடைக்காது என்று அளந்தது. மையாத்தா கொலுசைக் காலால் மிதித்துக்கொண்டு, முதலில் திறந்து காட்டு என்றாள். டப்பாமேல் ஒட்டியிருக்கும் கம்பெனி சீலை உடைக்க முடியாது, கொலுசைக் கொடுத்துவிட்டு வீட்டில் போய்த் திறந்துகொள் என்றது கீரி. அவள் நகரவில்லை. கீரிக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“சொந்த முட்டை எது, குயில் முட்டை எதுன்னே தெரியாதவ நீ. அசல் போலி பார்க்க வந்துட்டியா?”

எருமை வயிறு குலுங்கச் சிரித்தது. முயல் புல்லில் உருண்டது. மையாத்தாவுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அவள் தலை குனியவில்லை.

“ஆமா, ஏமாந்தேன். முட்டை என் முட்டை மாதிரியேதான் இருந்தது. பிள்ளை வாயைத் திறந்தப்புறம்தான் யாருன்னு தெரிஞ்சது. அதனாலதான் சொல்றேன், உன் போனை வாயைத் திறக்கச் சொல்லு.”

சொன்னதோடு விட்டாளா? ‘கா’ என்று ஒரு குரல் கொடுத்தாள். நாவல் மரம் முழுக்கக் காக்கைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. கீரி வேறு வழியில்லாமல் டப்பாவைத் திறந்தது.

மையாத்தா அலகால் கொத்தினாள். ஸ்டார், ஹேஷ், ஜீரோ, ஆறு, ஹேஷ். செங்கண்ணன் புறப்படும்போது சொல்லிக்கொடுத்தது அது. அப்படி அழுத்தினால் போன் தன் அடையாள நம்பரைக் காட்டும். டப்பாமேல் இருக்கிற நம்பரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றாக இல்லை. திரையில் ஒரு நம்பர், டப்பாவில் வேறு நம்பர்.

எருமையின் சிரிப்பு நின்றது. தன் போனிலும் கொத்திப் பார்க்கச் சொன்னது. மையாத்தா கொத்திய போனில் வந்த அதே நம்பர்! முயலின் போனிலும் அதேதான். போனுக்குப் போன் மாற வேண்டிய நம்பர், மூன்றுக்கும் ஒன்றாக இருந்தது. எருமையிடமும் முயலிடமும் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும்வரை காக்கைகள் கீரியை விடவில்லை.

மையாத்தா குளத்தின் மறுகரையில் இருந்த ஆமையின் கடைக்குப் போனாள். ஆமை ஒரு பைசா விலை குறைக்கவில்லை. ஆனால் கேட்டதும் டப்பாவைத் திறந்து, நீயே அழுத்திப் பாரம்மா என்றது. இரண்டு நம்பரும் பொருந்தின. கொலுசைக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் செங்கண்ணனுக்குப் போன் போட்டாள். ‘அம்மா’ என்று குரல் வந்தது. பிறகு நீளமாக ஒரு குக்கூ. மையாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எருமைக்கும் முயலுக்கும் கேட்கும்படி போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“நல்லாக் கேட்டுக்கோங்க. இது என் பிள்ளை. இதுல போலி எதுவும் இல்லை.”

திறந்து காட்ட மறுக்கிறவன் எவ்வளவு கேலி செய்தாலும் சரி, சோதித்துப் பார்க்காமல் அவனிடம் எதையும் வாங்காதீர்கள்.